ரெக்ரூட்டர் வேலை: எந்த நிறுவனத்தில் சேர்வது? காரைக்குடிப் பக்கத்திலிருந்து வரும் கேள்விகளும் பதில்களும்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் பக்கத்துப் பட்டதாரிகள் பலரை இப்போது முதல் வேலையாகத் தேடி வருவது ‘ஹெச்.ஆர். ரெக்ரூட்டர்’ பதவி. பிற நிறுவனங்களுக்கு ஆள் தேடிக் கொடுக்கும் வேலை. ஊருக்கெல்லாம் வேலை பார்த்துக் கொடுக்கப் போகிறவர், தன் வேலை என்று வரும்போது மட்டும் முதலில் கூப்பிட்ட இடத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறார். அப்படி உட்காருமுன் படிப்பதற்காக, அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

எல்லா இடத்திலும் வேலை ஒன்றுதானே? நிறுவனத்துக்கு நிறுவனம் அப்படி என்ன வித்தியாசம்?

போனில் பேசுவது, பயோடேட்டா பார்ப்பது, நேர்காணலுக்கு நேரம் குறிப்பது எல்லா இடத்திலும் ஒன்றுதான். நிறுவனத்துக்குக் காசு எங்கிருந்து, எப்போது வருகிறது என்பதுதான் வேறுபடும். உங்கள் தினப்படி வாழ்க்கையைத் தீர்மானிப்பதும் அதுதான்.

சாதாரண கன்சல்டன்சிக்கு, தான் அனுப்பிய ஆள் வேலையில் சேர்ந்த பிறகே பணம். நம் நாட்டில் பரவலாகப் புழங்கும் கட்டணம் அவருடைய ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். ஒரே பதவிக்கு ஐந்தாறு கன்சல்டன்சிகள் போட்டி போடும். முந்தியவருக்குக் கட்டணம், மற்றவர்களுக்கு உழைப்பு மட்டும். அதனால் அங்கே எப்போதும் அவசரம்.

உயர் பதவிகளுக்கு மட்டும் ஆள் தேடும் நிறுவனங்கள் உண்டு. கார்ன் ஃபெர்ரி, ஈகான் சென்டர், ஸ்பென்சர் ஸ்டூவர்ட் போன்றவை உலகளவில் பெயர் பெற்றவை. அவை கட்டணத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே வாங்கிவிடும். வேலை நிதானமாக, ஆராய்ச்சி போல நடக்கும். ஆனால் புதிதாகப் படித்து வந்தவரை அங்கே எளிதில் எடுக்க மாட்டார்கள்.

டீம்லீஸ், குவெஸ், ரான்ஸ்டாட் போன்ற ஸ்டாஃபிங் நிறுவனங்கள் ஆட்களைத் தங்கள் சம்பளப் பட்டியலிலேயே வைத்துக்கொண்டு, வேறு நிறுவனங்களுக்கு வேலை செய்ய அனுப்புகின்றன. தலைக்கு இவ்வளவு என்று மாதாமாதம் வருமானம். தொகை சிறியது, எண்ணிக்கை பெரியது. இங்கே உங்களுக்குப் பழகுவது வேகமும் ஆவணங்களும். இன்னொரு வகை ஆர்.பி.ஓ. ஒரு பெரிய நிறுவனத்தின் ஆள்சேர்ப்பு முழுவதையும் குத்தகை எடுத்ததுபோல நடத்துவார்கள். நீங்கள் பெயருக்கு ஓரிடத்து ஊழியர், மனத்தளவில் வேறிடத்து ஊழியர். கடைசியாக, தொழிற்சாலையோ மருத்துவமனையோ தன் சொந்தத் தேவைக்கு வைத்திருக்கும் ஹெச்.ஆர். துறை. அங்கே கட்டணம் என்ற பேச்சே இல்லை.

நல்ல நிறுவனமா என்று ஒரே கேள்வியில் தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு. “உங்களுக்குப் பணம் கொடுப்பவர் யார்?” என்று கேளுங்கள்.

‘ஆள் எடுக்கும் நிறுவனம்’ என்ற பதில் வந்தால் மேற்கொண்டு பேசலாம். ‘வேலை தேடி வருபவர்’ என்று வந்தால் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிடுங்கள். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், சீருடைப் பணம், ‘திரும்பக் கிடைக்கும்’ முன்பணம் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் விஷயம் ஒன்றுதான். வேலையில்லாதவரிடம் பணம் வாங்கிப் பிழைக்கும் இடத்தில், ஆள் சேர்ந்தாலும் லாபம், சேராவிட்டாலும் லாபம். அங்கே நீங்கள் கற்றுக்கொள்ளப் போவது ஆள் தேடும் தொழிலே அல்ல. வசூல் நின்று, ஏமாந்தவர்கள் கேள்வி கேட்க வரும் நாளில் முதலாளியின் போன் அணைந்திருக்கும். அவர்கள் கையில் இருப்பது உங்கள் எண்ணாகத்தான் இருக்கும்.

உள்நாட்டு வேலைகளுக்கு இதில் விலக்கே வேண்டாம் என்பது என் கட்சி. வெளிநாட்டு வேலைக்கு மட்டும் சட்டம் ஓர் அளவு அனுமதிக்கிறது. அது கீழே வருகிறது.

காரைக்குடியிலேயே இருக்கலாமா, சென்னைக்குப் போக வேண்டுமா?

முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்காவது வெளியே போய்ப் பழகுவது நல்லது. இங்கே அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது, சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, 1952 முதல் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. ஆகவே படித்த ஆட்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களை எடுக்கும் தொழில்கள்தான் ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் கோயம்புத்தூரிலும் இருக்கின்றன. ஆள் கேட்கும் மேலாளருடன் நேரில் உட்கார்ந்து, அவர் கேட்பது ஒன்றும் வேண்டியது வேறொன்றுமாக இருப்பதைக் கண்டுபிடிக்கப் பழகுவதுதான் இத்தொழிலின் பாதிப் பாடம். போனில் அது முழுதாக வராது.

இதற்காக எல்லோரும் பல்லவன் எக்ஸ்பிரஸில் ஏற வேண்டியதில்லை. திருச்சியிலும் மதுரையிலும் தரமான இடங்கள் உண்டு. சென்னையில் அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் போக 4,000 ரூபாய் மிஞ்சும் வேலையைவிட, சனிக்கிழமை மாலை ஊருக்கு வந்துவிடக்கூடிய திருச்சி வேலை பலருக்குப் பொருந்தும். ஆனால் காரைக்குடியிலேயே புதிதாகத் திறந்த கன்சல்டன்சி என்றால், அவர்களுக்கு எந்த ஊரில் எந்த நிறுவனங்கள் வாடிக்கையாளர்கள் என்று கேட்டு, பெயரைக் குறித்துக்கொண்டு வந்து விசாரியுங்கள். செக்காலைச் சாலையில் பெயர்ப்பலகை மாட்டுவது எளிது. ஆள் கேட்டு ஒரு தொழிற்சாலையிடமிருந்து கடிதம் வாங்குவதுதான் கடினம்.

பெரிய நிறுவனமா, சின்ன நிறுவனமா?

பர்மா, மலாயா, இலங்கை என்று கொண்டுவிற்கப் போன நகரத்தார் கடைகளில் ஒரு படிவரிசை இருந்தது. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர் கணக்கு பழகி அடுத்தாள் ஆவார், பிறகு மேலாள் ஆவார், கெட்டிக்காரர் என்றால் தனிக்கடையும் போடுவார். சம்பளச் சீட்டு எழுதித்தான் ஆள் வைத்தார்கள். எத்தனை காலம், என்ன சம்பளம் என்பது புறப்படும் முன்பே தெரியும்.

நீங்கள் போகும் இடத்திலும் இதையே பாருங்கள். உங்களுக்கு மேலே இருக்கும் குழுத்தலைவர் அதே நிறுவனத்தில் ரெக்ரூட்டராகச் சேர்ந்து உயர்ந்தவரா, வெளியிலிருந்து வந்தவரா? சின்ன இடத்தில் ஆறே மாதத்தில் வாடிக்கையாளருடன் நேரடியாகப் பேச விடுவார்கள், கட்டணம் பேசுவதைப் பக்கத்தில் இருந்து பார்க்கலாம். பெரிய இடத்தில் இரண்டு ஆண்டுகள் பயோடேட்டா மட்டும் தேடிக்கொண்டிருக்க நேரலாம், ஆனால் சம்பளம் தேதி தவறாது. ஆள்சேர்ப்பில் பெயர் பெற்ற மாஃபாவும் 1992இல் சென்னையில் கே. பாண்டியராஜன் தொடங்கிய சின்ன நிறுவனம்தான். சின்னதாக இருப்பதில் குறையில்லை. சின்னதாக இருந்துகொண்டு ஒரே ஒரு வாடிக்கையாளரை நம்பியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அந்த வாடிக்கையாளர் ஆள் எடுப்பதை நிறுத்திய மாதமே உங்கள் சம்பளமும் நிற்கும்.

இன்சென்டிவ் நிறைய வரும் என்கிறார்கள். நம்பலாமா?

கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு நம்புங்கள். ஒரு மாதிரிக் கணக்கு இதோ.

உங்கள் மாதச் சம்பளம் 20,000 ரூபாய். நீங்கள் நிறுவனத்துக்குக் கட்டணமாகக் கொண்டுவர வேண்டிய இலக்கு, சம்பளத்தைப்போல் மூன்று மடங்கு, அதாவது மாதம் 60,000, காலாண்டுக்கு 1,80,000. இலக்குக்கு மேல் வருவதில் 10 சதவீதம் உங்களுக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் அந்தக் காலாண்டில் ஆண்டுக்கு 6,00,000 சம்பளத்தில் நான்கு பேரைச் சேர்த்துவிடுகிறீர்கள். தலைக்கு 8.33 சதவீதம் என்றால் 49,980. நால்வருக்கும் சேர்த்து 1,99,920. இலக்குக்கு மேல் 19,920. உங்கள் பங்கு 1,992 ரூபாய்.

கதை இன்னும் முடியவில்லை. வாடிக்கையாளர் ஒப்பந்தத்தில் 60 அல்லது 90 நாள் உத்தரவாதம் என்று ஒன்று வழக்கமாக இருக்கும். அதற்குள் சேர்ந்தவர் விலகினால் வேறு ஆளை இலவசமாகத் தர வேண்டும், இல்லையென்றால் கட்டணத்தைத் திருப்ப வேண்டும். நால்வரில் ஒருவர் நாற்பதாம் நாள் ‘வீட்டில் வரச் சொல்கிறார்கள்’ என்று போய்விட்டால் உங்கள் வரவு 1,49,940 ஆகிவிடும். இலக்குக்குக் கீழே இறங்கிவிட்டீர்கள். கையில் வந்த 1,992ஐயும் அடுத்த மாதம் பிடித்துக்கொள்ளும் நிறுவனங்கள் உண்டு.

ஆகவே சேருமுன் நான்கு விவரங்களை எழுத்தில் வாங்குங்கள்: இலக்கு எவ்வளவு, ஊக்கத்தொகை முதல் ரூபாயிலிருந்தா இலக்குக்கு மேலா, கொடுப்பது ஆள் சேர்ந்ததும் தானா வாடிக்கையாளர் பணம் கட்டிய பிறகா, ஆள் விலகினால் யாருக்கு நஷ்டம். இவற்றில் மூன்றாவதில்தான் புதியவர்கள் அதிகம் கோட்டை விடுகிறார்கள். வாடிக்கையாளர் ஆறு மாதம் இழுத்தடித்தால் உங்கள் பணமும் ஆறு மாதம் தள்ளிப்போகும். நடுவில் நீங்கள் வேலையை விட்டால் அது போனதுதான். இதைக் கேட்டதும் முகம் சுளிப்பவரிடம் வேலை செய்ய வேண்டாம்.

பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லா இடத்திலும் உண்டா?

20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனத்துக்கு வருங்கால வைப்பு நிதி கட்டாயம். 10 பேரும் அதற்கு மேலும் இருந்து, உங்கள் சம்பளம் மாதம் 21,000க்குள் இருந்தால் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ. உண்டு. ‘ஆண்டுக்கு 2,40,000’ என்று எழுதியிருந்தால் மாதம் 20,000 கைக்கு வரும் என்று எண்ண வேண்டாம். நிறுவனம் கட்டும் பங்கையும் அதிலேயே சேர்த்து எழுதுவது வழக்கம். கைக்கு வருவது எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள்.

நேர்காணலுக்குப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

அரை மணி நேரம் முன்னதாகப் போய்க் காத்திருங்கள். ரெக்ரூட்மென்ட் அலுவலகத்தில் காதைத் திறந்து வைத்தாலே போதும், எல்லாம் கேட்கும்.

திருச்சியில் ஓர் அலுவலகத்தில் இப்படிக் காத்திருந்தபோது, எதிர் மேசைப் பெண் ஓசூர்த் தொழிற்சாலை வேலைக்காக ஒரு டிப்ளமோ பையனிடம் பேசிக்கொண்டிருந்தார். நடுவில் பையனின் அம்மா போனை வாங்கிவிட்டார் போலிருக்கிறது. இந்தப் பக்கம் கேட்டது இவ்வளவுதான்: “விடுதியில் தண்ணீர் வசதி எப்படி என்று எனக்கே தெரியவில்லை அம்மா. இராத்திரி ஷிப்டு முடிந்தால் வண்டி உண்டா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிட்டு நானே கூப்பிடுகிறேன். அதுவரை தம்பி சரி என்று சொல்ல வேண்டாம்.” வைத்ததும் தொழிற்சாலைக்குப் பேசினார். குளியலறை எத்தனை பேருக்கு ஒன்று என்பது வரை கேட்டுக் குறித்துக்கொண்டு, மறுபடி அம்மாவைக் கூப்பிட்டார். பக்கத்து நாற்காலியில் இருந்த குழுத்தலைவர் ஒரு வார்த்தை குறுக்கிடவில்லை. அந்தக் குழுத்தலைவருக்காகவே அங்கே சேரலாம். ‘எல்லா வசதியும் இருக்கிறது அம்மா’ என்று அந்தப் பெண் அடித்துவிட்டிருந்தால் நாற்பதாம் நாள் ஆள் திரும்பி வந்திருப்பான் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

சுவரில் வெள்ளைப் பலகை இருந்தால் அதையும் படியுங்கள். பெயருக்கு எதிரே நாளொன்றுக்கு எத்தனை அழைப்பு என்று மட்டும் எழுதியிருக்கிறதா, எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்றும் இருக்கிறதா? போன ஆண்டு இதே வேலையில் சேர்ந்தவர்களில் இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்பவர் ஜன்னல் பக்கம் பார்த்தால் புரிந்துகொள்ளுங்கள்.

அசல் சான்றிதழ் கேட்கிறார்கள், இரண்டு ஆண்டு பாண்டும் எழுதச் சொல்கிறார்கள். தரலாமா?

அசலைக் காட்டலாம், கொடுக்க வேண்டாம். சரிபார்க்கப் பத்து நிமிடம் போதும். பெட்டியில் வைத்துப் பூட்டுவது உங்களைப் பிடித்து வைக்கத்தான்.

பாண்டு விஷயம் அவ்வளவு எளிதல்ல. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. ஆகவே ‘வேலையை விட்ட பிறகு வேறு கன்சல்டன்சியில் சேரக் கூடாது’ என்ற வரி பெரும்பாலும் பயமுறுத்தல்தான். ஆனால் ‘குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் இவ்வளவு கட்ட வேண்டும்’ என்பது வேறு. ஒரு பொதுத்துறை வங்கியின் வழக்கில், மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2,00,000 ரூபாய் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025இல் ஏற்றுக்கொண்டது. எனவே எல்லா பாண்டும் செல்லாது என்று யாராவது சொன்னால் நம்பிக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். என்னைக் கேட்டால், ஒரு வாரம் போன் பேசக் கற்றுக்கொடுத்துவிட்டு இரண்டு ஆண்டு கேட்கும் இடம் வேண்டாம். வாடிக்கையாளர் விவரங்களையும் ஆட்கள் பட்டியலையும் எடுத்துக்கொண்டு போகக் கூடாது என்பது மட்டும் நியாயமான நிபந்தனை.

அமெரிக்க ஐ.டி. ரெக்ரூட்டர் வேலை, இரவு ஷிப்டு. சம்பளம் அதிகம். போகலாமா?

அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை 9 மணி என்றால் நமக்குக் கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. விடியற்காலை வரை வேலை. உடம்பு தாங்குமா என்பதை நீங்களும், வீட்டுக்குக் கொண்டுவந்து விட வண்டி உண்டா என்பதை நிறுவனமும் சொல்ல வேண்டும்.

பெரிய ஆபத்து தூக்கத்தில் இல்லை, பயோடேட்டாவில் இருக்கிறது. ‘பெஞ்ச் சேல்ஸ்’ என்ற பிரிவில், அங்கே வேலைக்குக் காத்திருக்கும் கணினி வல்லுநர்களை வேறு நிறுவனங்களுக்கு எடுத்துச் சொல்லி இடம் பிடிக்க வேண்டும். நேர்மையாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டு ஆண்டு அனுபவத்தை எட்டு என்று திருத்தி எழுதச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். திருத்துவது உங்கள் கைதான் என்பதை மறக்க வேண்டாம்.

இன்னொன்றையும் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து புதிதாக அழைத்து வருவோருக்கான ஹெச்-1பி வேலை விசா மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று 2025 செப்டம்பரில் அமெரிக்க அரசு அறிவித்தது. அந்த விசாவை மட்டுமே நம்பித் தொழில் நடத்தும் நிறுவனமா, அமெரிக்கக் குடிமக்களையும் நிரந்தரக் குடியுரிமை பெற்றவர்களையும் வேலையில் அமர்த்துகிறதா? முதல் வகை என்றால் உங்கள் நாற்காலி வாஷிங்டனில் இருந்து ஆடும்.

வளைகுடா, சிங்கப்பூர், மலேசியாவுக்கு ஆள் அனுப்பும் நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. சேரலாமா?

நம் பக்கத்தில் இந்தக் கேள்வி வராமல் இருக்குமா? வெளிநாடு போவது இந்த மண்ணுக்குப் பழக்கமான விஷயம். அந்தப் பழக்கத்தையே மூலதனமாக வைத்துத்தான் ஏமாற்றுபவர்களும் வருகிறார்கள்.

1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் மத்திய அரசிடம் பதிவுச் சான்று பெற்றிருக்க வேண்டும். வெளியுறவு அமைச்சகத்தின் இமைக்ரேட் தளத்தில் பதிவு பெற்ற ஏஜெண்டுகளின் பட்டியல் இருக்கிறது. நிறுவனத்தின் பெயர் அதில் இருக்கிறதா, சான்று காலாவதியாகாமல் இருக்கிறதா என்று வீட்டில் உட்கார்ந்தே பார்த்துவிடலாம். போகிறவரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. மொத்தம் 35,400. ரசீது தர வேண்டும். இதற்கு மேல் ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று பேசும் இடத்தில் உங்களை எந்த மேசையில் உட்கார வைத்தாலும் உட்காராதீர்கள். ‘எங்களுக்கு லைசென்ஸ் இல்லை, மும்பையில் இருப்பவருக்கு இருக்கிறது, நாங்கள் அவருக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கிறோம்’ என்பதும் அதே ரகம்தான்.

சுற்றுலா விசாவில் அனுப்பிவிட்டு அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பவர்களையும் தவிர்த்துவிடுங்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன தமிழ் இளைஞர்கள் எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கூடங்களில் அடைபட்டு, 2022இல் மீட்கப்பட்டார்கள். ஒரு காலத்தில் செட்டிநாட்டு வீடுகளுக்குத் தேக்கும் செல்வமும் வந்த அதே பர்மா. அவர்களை முதலில் போனில் அழைத்துப் பேசியவரும் தன்னை ரெக்ரூட்டர் என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார்.

முறையாக நடக்கும் இடம் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்பினால், தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இயங்குகிறது. அதன் விளம்பரங்களைப் படித்தாலே, ஒரு வெளிநாட்டு வேலை அறிவிப்பில் என்னென்ன விவரம் இருக்க வேண்டும் என்பது தெரியும்.

‘நம் ஆளாகப் பாருங்கள்’, ‘கல்யாணம் ஆகாத பெண் வேண்டாம்’ என்று வாடிக்கையாளர் கேட்டால்?

கேட்பார்கள். நாசூக்காகவும் கேட்பார்கள், நேராகவும் கேட்பார்கள். நேர்காணலில் உங்கள் வருங்கால மேலாளரிடம் இதையே கேள்வியாகப் போடுங்கள். ‘அப்படிப்பட்ட வாடிக்கையாளரை ஒரு முறை விட்டிருக்கிறோம்’ என்ற பதில் வந்தால் நிறுவனத்துக்கு முதுகெலும்பு உண்டு. ‘கேட்டதைக் கொடுப்பதுதான் நம் வேலை’ என்று வந்தால், நாளை உங்கள் பதவி உயர்வையும் அதே தராசில்தான் நிறுப்பார்கள்.

வீட்டிலிருந்தே செய்யும் ரெக்ரூட்டர் வேலை உண்மையில் உண்டா?

உண்டு, அனுபவம் உள்ளவர்களுக்கு. குழந்தை பிறந்த பிறகு இப்படித் தொடரும் பெண்கள் பலர். அனுபவமே இல்லாதவருக்கு, நேரில் பார்க்காமல், வாட்ஸ்அப்பில் மட்டும் பேசிக் கொடுக்கும் வேலை என்றால் சந்தேகப்படுங்கள். கார்ப்பரேட் விவகார அமைச்சகத்தின் தளத்தில் நிறுவனப் பெயரைத் தேடிப் பாருங்கள்.

ஆங்கிலம் சரளமாக வராது. எடுப்பார்களா?

தொழிற்சாலை, மருத்துவமனை, சில்லறை விற்பனைப் பணிகளுக்கு ஆள் தேடும் இடங்களில் நல்ல தமிழ்தான் வேலை செய்யும். ஐ.டி. பணிகளுக்கு ஆங்கிலம் வேண்டும். ஓராண்டில் வந்துவிடும்.

கன்சல்டன்சியில் சேர்ந்தால் பிறகு ஒரு நிறுவனத்தின் ஹெச்.ஆர். துறைக்கு மாற முடியுமா?

முடியும். ஆனால் ‘பத்து வகை வேலைக்கு ஆள் எடுத்தேன்’ என்பவரைவிட ‘வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளுக்கு மட்டும் மூன்று ஆண்டு எடுத்தேன்’ என்பவரைத்தான் விரும்பி எடுப்பார்கள். ஆகவே ஒரே துறையில் நிலைக்க விடும் நிறுவனமாகப் பாருங்கள். வாரத்துக்கு ஒரு துறை மாற்றும் இடத்தில் எதிலும் ஆழம் வராது.

பயோடேட்டாவைச் சொந்தக்காரரிடம் கேட்காமலே அனுப்பச் சொல்கிறார்கள். சரியா?

சரியில்லை. தனிநபர் விவரங்களைப் பயன்படுத்த ஒப்புதல் தேவை என்பதை அடிப்படையாகக் கொண்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ஒரே ஆளை இரண்டு கன்சல்டன்சிகள் அனுப்பிவிட்டால் கட்டணம் யாருக்கு என்ற சண்டையில் வாடிக்கையாளர் அந்த ஆளையே ஒதுக்கிவிடுவார். கேட்டு அனுப்பும் வழக்கம் உள்ள இடத்தில் இந்தத் தலைவலி குறைவு.

எல்லாம் பிடித்திருக்கிறது, ஆனால் ஆடி மாதத்தில் சேரச் சொல்கிறார்கள். வீட்டில் வேண்டாம் என்கிறார்கள். கேட்டால் தவறாக நினைப்பார்களா?

நினைக்க மாட்டார்கள். தமிழ்நாட்டு ரெக்ரூட்டர் யாருக்கும் ஆடி தெரியாமல் இருக்காது. ஒவ்வோர் ஆண்டும் அந்த மாதத்தில் பாதிப் பேர் ‘ஆவணியில் சேர்கிறேன் சார்’ என்று சொல்லி அவர்கள் கணக்கைக் கவிழ்ப்பார்கள். ஆவணி முதல் வாரத்தில் ஒரு தேதியை நீங்களே சொல்லுங்கள். சம்மதித்தால் மாற்றிய தேதியுடன் கடிதத்தை மறுபடி அனுப்பச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். அது கைக்கு வரும் வரை இப்போதைய வேலையை விட வேண்டாம்.